ரஃபியா மாட்டிய வளையம்

"இந்த வண்டிக்குக் கோபம் ஜாஸ்தி. குறைச்சுக் குடுங்க" என்றாள் சிந்துஜா.

ரஃபியா வண்டியைப் பார்க்கவில்லை. சிந்துஜாவின் முழங்கையைப் பார்த்தாள். பழைய காயத்தின் மேல் புதுக் காயம் உட்கார்ந்திருந்தது.

"எங்க விழுந்தீங்க?"

"மூணாவது வளைவுல. எப்பவும் அங்கதான்."

"கோபத்தைக் குறைக்க முடியாதுங்கக்கா. வேணும்னா கொஞ்சம் முன்னாடியே வர வைக்கலாம்."

"அப்படின்னா?"

ரஃபியா ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டாள்.

கோயமுத்தூருக்குத் தெற்கே, கணவாய்க் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற இடத்தில் இருந்தது அந்த டர்ட் பைக் களம். வெயிலில் இறுகிப் போன செம்மண். அதன் மேல் பொடிக் கற்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை.

கொட்டகை ரஃபியாவுடையது. பள்ளிக்கூட வயதில் வண்டி ஏறியவள், கோப்பைகள் வாங்கியவள், மணிக்கட்டு உடைந்து இறங்கியவள். இப்போது அடுத்தவர்களுக்கு வண்டியைத் தயார் செய்து, ஓட்டவும் பழக்குகிறாள். வயது இருபத்தொன்று.

சிந்துஜாவுக்கு இருபத்து மூன்று. பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல். ஆகவே அந்தக் கொட்டகையில் மட்டும் குரு சிஷ்யையை 'அக்கா' என்று கூப்பிட்டாள்.

சிந்துஜாவின் வண்டி சின்னதுதான். ஆனால் கைப்பிடியை முறுக்கினால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் முறுக்கினாலும் நடக்காது. பிறகு, நடக்க வேண்டியது எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடியும். சிந்துஜா ஒரு பக்கமும் வண்டி மறுபக்கமும் கிடப்பார்கள்.

கிளப் செயலாளர் தங்கவேலு எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். "பொண்ணுங்க கைக்கு இவ்வளவு பவர் ஆகாதும்மா. ரஃபியாகிட்டக் குடுத்து வண்டியைச் சாதுவாக்கிக்க. ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம். விழாம முடிச்சா மாவட்ட அணியில இடம். விழுந்தா வேற புள்ளயைப் பாத்துக்கறோம்."

சிந்துஜா தலையாட்டிவிட்டு வந்தாள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் அன்று சாயங்காலம் ஹாஸ்டல் குளியலறையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒன்றை விட ஒன்று அருமையான பதில்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ரஃபியா என்ஜினின் பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே சுற்றுகிற பிளைவீல் சக்கரத்தின் மேல் கனத்த இரும்பு வளையம் ஒன்றை வைத்து முடுக்க ஆரம்பித்தாள்.

சிந்துஜா கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள்.

"எல்லாரும் ரேஸ் வண்டியில இருந்து எடையைக் கழட்டுவாங்க. நீங்க ஏத்துறீங்க."

"ஆமாங்க."

"சுத்துறது கனமானா வேகம் பிடிக்க நேரமாகும். பிடிச்ச வேகம் இறங்கவும் நேரமாகும். இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்க."

"தெரிஞ்சிருந்தா நல்லதுங்க. நான் சொல்ற வேலை மிச்சம்."

"அப்போ இது வண்டியை மந்தமாக்குற வேலை."

"அப்படியும் சொல்லலாம்."

"எப்படியும் சொல்லலாம்னா எதுக்குச் சொல்லணும்? செயலாளர் சொல்லித்தானே பண்றீங்க?"

ரஃபியாவின் கை நிற்கவில்லை. "அவரு என்ன சொன்னாரு?"

"பொண்ணுங்களுக்கு ஏத்த மாதிரி சாதுவாக்கணும்னு. சமாளிக்கிற மாதிரி பவர் வேணுமாம். யாரு யாரைச் சமாளிக்க?"

"அப்படிங்களா."

"இந்த வளையம் எங்கிருந்து வந்துச்சு?"

"என் வண்டியில இருந்தது. கோப்பை வாங்குன வண்டி."

சிந்துஜா திணறினாள். ஆனால் விவாதத்தில் திணறுவது வேறு, தோற்பது வேறு.

"நீங்களும் பொண்ணுதானே. உங்க காலத்துலயும் எவனாவது சொல்லி மாட்டியிருப்பான்."

"என் காலமா?" ரஃபியா மூடியை முடுக்கிவிட்டு எழுந்தாள். "நான் உங்களை விடச் சின்னவங்கக்கா. போய் ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தாள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

வழக்கம் போல இரண்டாவது வளைவில் கிளட்சைப் பாதி பிடித்து என்ஜினை அலறவிட்டாள். வழக்கம் போல மூன்றாவது வளைவில் விட்டாள். வரப் போகும் உதைக்காக உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள். உதை வரவில்லை. வண்டி தன் பாட்டுக்குப் போனது. உதைக்காகக் குனிந்தவள் கைப்பிடியைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

கொட்டகைக்குத் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கொன்னுட்டீங்க வண்டியை."

"ஓடித்தானே வந்துச்சு?"

"ஓடுது. ஆனா அது என் வண்டி இல்ல. அடிக்கிறவன் அடிச்சா நானும் சண்டை போடுவேன். அடிக்காமச் சும்மா வர்றவன்கிட்ட என்ன பண்றது?"

"இடது கை என்ன பண்ணுச்சு?"

"கிளட்சைப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டாவது வளைவுல இருந்தே. எல்லாரும் அப்படித்தானே பிடிப்பாங்க?"

ரஃபியா டீ குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் பதில் வரும் என்று சிந்துஜா காத்திருந்தாள். டீ முடிந்தது. ரஃபியா டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை வண்டியில் கிளட்ச் லீவரைக் காணவில்லை.

"லீவர் எங்க?"

"என் பையில."

"கிளட்ச் இல்லாம எப்படி ஓட்டுறது?"

"தள்ளி விடறேன். ரெண்டாவது கியர்ல போட்டுட்டு, முறுக்கிட்டே போங்க."

"வளைவுல என்ஜின் நின்னு போச்சுன்னா?"

"நிக்காம இருக்கத்தானே அந்த வளையம்."

"அதாவது, நேத்து மந்தமாக்கினது இன்னிக்கு உதவுதுன்னு சொல்றீங்க. ஆனா நேத்து நான் கேட்டப்போ மந்தம்னு ஒத்துக்கிட்டீங்க. ரெண்டுல எது?"

ரஃபியா பின்னால் போய் உடையாத கையால் வண்டியைத் தள்ளினாள். பேசிக்கொண்டே சிந்துஜா களத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

முதல் வளைவு சரியாகப் போனது. இரண்டாவது வளைவில் இடது கை விரல் தானாக நீண்டு லீவரைத் தேடியது. காற்றுதான் கிடைத்தது. விரல் தேடுகிற நேரத்தில் கண்ணும் அந்தப் பக்கம் போனது. கண் போன பக்கம் வண்டியும் போனது.

செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, வண்டியை உருட்டியபடி வந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் அதோடும் வாதாடியிருப்பாள்.

"நாளைக்குத் தேர்வு. இன்னிக்கு விழுந்துட்டேன்."

"எங்க?"

"ரெண்டாவது வளைவுல. இத்தனை நாள் ஒரு தடவை கூட நான் அங்க விழுந்ததில்லை."

"அங்கதாங்கக்கா விழுந்துட்டிருந்தீங்க" என்றாள் ரஃபியா. "கீழ வந்து சேர மூணாவது வளைவு வரைக்கும் ஆச்சு. இன்னிக்குத்தான் விழுந்த இடத்துலயே விழுந்திருக்கீங்க."

சிந்துஜா ஹெல்மெட்டைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். இதில் எந்த முனையைப் பிடித்து மறுப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இது நல்ல செய்தியா?"

"இன்னொரு சுத்து போங்க. தள்ளி விடறேன்."

அன்று இருட்டும் வரை போனாள். விரல் தேடியது, கிடைக்கவில்லை. தேடியது, கிடைக்கவில்லை. பிறகு எப்போதோ தேடுவதை விட்டுவிட்டது. என்ஜினை அலறவிட்டுக் கிளட்சை விட வழி இல்லாததால் வளைவுக்குள் நுழையும்போதே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கத் தொடங்கினாள். பின் சக்கரம் வழுக்கவில்லை. ஏன் என்று கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்டால் இன்னும் குழம்பும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவர் திரும்பி வந்திருந்தது. வண்டியில் அது ஒரு விருந்தாளியைப் போல இருந்தது.

கொடி இறங்கியது. புறப்படும்போது கிளட்சைத் தொட்டாள். அதற்குப் பிறகு தொடவில்லை. முன்னால் போன பெண்ணின் வண்டி இரண்டாவது வளைவில் வீறிட்டது, மூன்றாவதில் பின்பக்கம் வீசிக்கொண்டு போனது. சிந்துஜாவின் வண்டி வளைவு முழுக்க ஒரே குரலில் முனகியபடி அவளைக் கடந்தது. வேகமாகப் போகிறோமா, மெதுவாகப் போகிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் முன்னால் யாரும் இல்லாததைப் பார்த்துத்தான் ஒரு மாதிரி யூகித்தாள்.

விழாமல் முடித்தாள். முதலாவதாகவும் முடித்தாள்.

செயலாளர் தங்கவேலு கைதட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியாம்மா, பவரைக் குறைச்சதும் எவ்வளவு பாந்தமா ஓட்டுறே. அன்னிக்கே சொன்னேனில்ல?"

"பவர் குறையலைங்க. இருக்கிறது அப்படியேதான் இருக்கு."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, பேரேட்டில் கையெழுத்துப் போடப் போவது போல வேகமாக வேறு பக்கம் நடந்தார். குளியலறைக்குப் போகும் முன்பே பதில் வந்துவிட்டதில் சிந்துஜாவுக்கே ஆச்சரியம்.

அணியில் இடம் கிடைத்தாயிற்று. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. வேகமாகக் கொட்டகைக்கு நடந்தாள்.

அங்கே ரஃபியா வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, ஏற்கெனவே என்ஜின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"வளையத்தைக் கழட்டறேன்."

"இதோடதானே ஜெயிச்சேன்?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குக் கழட்டறீங்க? என் கை பழகிருச்சா? இல்ல, சும்மா சோதிச்சுப் பாத்தீங்களா? இல்ல, அந்த ஆளு சொன்னாருன்னு மாட்டினீங்க, அவரு பாத்தாச்சு, இப்பக் கழட்டறீங்களா?" மூச்சு வாங்கியது. "மூணு நாளா மண்டை காயுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கைக்கு இது வேணுமா, வேண்டாமா?"

ரஃபியா நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவள் முகத்திலும் குழப்பம் தெரிந்தது.

"உங்க கைக்கா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தாள். வாசலுக்குப் போனாள். வெளியே நின்று, செம்மண் தரையைக் குதிகாலால் ஓங்கி உதைத்தாள். பாறையை உதைத்த மாதிரி சத்தம் கேட்டது.

"இதுக்குத்தாங்கக்கா மாட்டினேன்" என்றாள். "அடுத்த பந்தயம் தேரிக்காட்டு மணல்ல. அங்க அந்த உதை வேணும்."