உப்புக்கு நின்ற வரிசை

அங்கயற்கண்ணி அம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் ஞானம் கேட்க வரும் கோமதிநாயகத்துக்கு அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அம்மை அவரை 'வாத்தியாரே' என்பார். அவர் அம்மையை 'அம்மா' என்பார். தென்காசிப் பக்கத்தில் அம்மை நடத்தும் சின்ன மடத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை.

அன்று காலை ஏழு மணிக்கே வாத்தியார் வந்துவிட்டார். ஒரு கையில் செய்தித்தாள், மறு கையில் பாஸ்புக்.

"அம்மா, வடக்கே ஏதோ ஒரு பேங்க் மூழ்கிட்டாம். நம்ம டவுன் பேங்கும் ஆட்டம் காணுதுன்னு ஊரெல்லாம் பேசுதாங்க. அதுல நாலரை லட்சம் போட்டிருக்கேன். வீட்டுக்காரி முழங்கால் ஆபரேஷனுக்குன்னு வச்சது. பத்து மணிக்குக் கதவைத் திறப்பாங்க. எடுக்கவா, வேண்டாமா?"

"பேங்க் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மேனேஜர் என்கிட்ட படிச்ச பையன், பொய் சொல்ல மாட்டான். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல போய்க் கேட்டா எந்தப் பேங்கும் தாங்காது. நானே பாடம் நடத்தியிருக்கேன்."

"அப்ப எடுக்க வேண்டாம்."

"மத்தவங்க எடுத்துட்டா?"

"அப்ப எடுத்துருங்க."

வாத்தியாருக்குத் தலை சுற்றியது. அழுகை வராத குறை.

"ஒண்ணும் விளங்கலம்மா. நல்லா இருக்கிற ஒண்ணு எப்படி ஒரே நாள்ல இல்லாமப் போகும்?"

அம்மை துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மடத்துல உப்பு தீர்ந்துட்டு. ஒரு பாக்கெட் வாங்கணும். கூட வாங்க."

அம்மை கடைக்குப் போவது ஊருக்குப் புதுசு. வேண்டியதையெல்லாம் சமையல்காரர்தான் வாங்கிவருவார். துரைப்பாண்டியின் பலசரக்குக் கடை டவுன் பேங்குக்கு நேர் எதிரே இருந்தது. இன்னும் திறக்கவில்லை. மூடிய ஷட்டருக்கு முன்னால் அம்மை நின்றார். அவருக்குப் பின்னால் வாத்தியார்.

பால் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் நின்றாள்.

"என்னம்மா, நீங்களே வந்து நிக்கீங்க?"

"உப்பு வாங்கணும் தாயி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பால் தூக்கோடு வாத்தியாருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் அம்மையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பவர்களிடம்தான் கேட்டார்கள்.

"அம்மையே விடியுமுன்ன வந்து நிக்காங்கன்னா, சும்மாவா நிப்பாங்க?"

ஏழே முக்காலுக்கு உப்பு விலை ஏறப்போகிறது என்றார்கள். எட்டு மணிக்கு லாரி ஸ்டிரைக் என்றார்கள். எட்டேகாலுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் கடல் புகுந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் மச்சினன் போனில் சொன்னதாக ஒருவர் தலையில் அடித்துச் சத்தியமே பண்ணினார்.

வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உப்பு மலையாய்க் குவிந்து கிடக்கும் தூத்துக்குடி பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்தான்!

"அம்மா, இதைத்தான காட்ட நினைச்சீங்க? புரிஞ்சுட்டு. ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை கூட்டம். இந்தக் கூத்துல நான் நிக்க மாட்டேன்."

வரிசையை விட்டு விலகிப் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தார். ரெண்டு நாளாகக் காணாமல் போயிருந்த நிம்மதி திரும்பி வந்தது. பாஸ்புக்கைச் சட்டைப்பையில் செருகிவிட்டு ஒரு வடைகூடச் சாப்பிட்டார்.

எட்டரைக்குத் துரைப்பாண்டி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தார். விஷயம் தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். ஒன்பது மணிக்கு மேல் விலையையும் கூட்டினார். ஒன்பதரைக்குள் கடையில் இருந்த உப்பெல்லாம் தீர்ந்துபோனது.

அப்போது வாத்தியாரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி.

"ஊர்ல உப்பே கிடையாதாம்லா? இங்க டப்பாவுல ஒரு கல்லு இல்ல. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

"அதெல்லாம் வெறும் புரளி."

"புரளியா இருக்கட்டும். குழம்புக்கு என்னத்தப் போட?"

வாத்தியார் கடைக்கு ஓடினார். துரைப்பாண்டி கையை விரித்தார்.

"மத்த ரெண்டு கடையிலயும் தீர்ந்துட்டாம் சார். நீங்கதான் ரெண்டாவதா நின்னீங்களே, எங்க போனீங்க?"

வாத்தியார் அம்மையைத் தேடித் திரும்பினார்.

அம்மை வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். துணிப்பை கனத்துத் தொங்கியது.

"அம்மா, ஒரு பாக்கெட் உப்பு..."

கேட்கவே வெட்கமாக இருந்தது. அம்மை எடுத்துக் கொடுத்தார். பைக்குள் இன்னும் ஒன்பது பாக்கெட் இருந்தன. பார்த்ததும் வாத்தியாருக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"ஒரு பாக்கெட்தான வாங்கணும்னீங்க?"

"ஆமா."

"உப்புக்குத் தட்டுப்பாடு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் முன்னால நின்னதே நீங்கதான். உங்களைப் பார்த்துத்தான் ஊரே நின்னுச்சு. அப்புறம் எதுக்கும்மா பத்து பாக்கெட்?"

எதிரே பேங்க் வாசலில் அதற்குள் இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் உப்பு. காவலாளி பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். வாத்தியாரின் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது.

அம்மையும் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பின்னால எழுபது பேர் நின்னாங்களே, வாத்தியாரே."