ஆமை வடையும் சீமைப் பசுவும்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மாசிலாமணி என்றொரு சீடர் இருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். மாட்டுக் கொட்டகை அவர் பொறுப்பு. அங்கே நின்றவை எல்லாம் காங்கேயம் நாட்டுப் பசுக்கள். புதிதாக வரும் பசுவுக்கு ஒரு நதியின் பெயரைச் சூட்டி, அதன் காதில் சொன்ன பிறகுதான் கட்டுவார்கள். அது அந்த மடத்து வழக்கம்.

அந்த வாரம் காவேரி கன்று ஈன்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். மற்ற பசுக்களிடம் பால் இல்லை. மாசிலாமணி கன்றை மடியில் போட்டுக்கொண்டு, புட்டியில் ஆட்டுப்பாலை வைத்துக் கெஞ்சினார். ஒரு மிடறு இறங்கினால் அடுத்தது கடைவாயில் வழிந்தது. பிறந்ததிலிருந்து அது ஒரு தரம்கூட 'அம்மா' என்று கத்தவில்லை. இன்றும் வயிறு நிறையாவிட்டால் தங்காது என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் பூங்காவனம் என்ற பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். செவலை நிறம், திமில் கிடையாது, மடி கனத்துத் தொங்கியது.

"இதோட கன்னு தவறிப்போச்சு சாமி. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, குனிஞ்சு கறக்க முடியல. வியாபாரி கையில கொடுக்க மனசு வரல. மடத்துல சேத்துக்கிடுங்க."

மாசிலாமணி எட்டியே நின்றார். "இது ஜெர்சிக் கலப்பும்மா. இங்கே கட்டுறதில்லை."

"பாலு நல்லா இருக்கும் சாமி."

"பேருக்குத்தான் இது பசு."

அவள் புட்டியைப் பார்த்தாள். "ஆட்டுப்பாலு மட்டும் ஆகுமாக்கும்?"

மாசிலாமணி புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

குரு சமையற்கட்டிலிருந்து வந்தார். கையில் வடைத் தட்டு. "வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். இரண்டு பேரும் முதலில் சாப்பிடுங்கள்."

மாசிலாமணிக்குப் பிடித்த பண்டம். எடுத்துக் கடித்தார்.

"இது என்ன வடை?" என்றார் குரு.

"ஆமை வடை சுவாமி."

"சைவ மடத்தில் ஆமையா!"

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடலைப் பருப்பு சுவாமி. ஆமை ஓடு மாதிரி இருக்கிறதால அப்படிச் சொல்றது."

"உள்ளே பருப்புதான் என்று எப்படித் தெரிந்தது?"

"சாப்பிட்டுப் பார்த்துத்தான்..." என்றவர் மெல்லுவதை நிறுத்தினார்.

குரு கன்றைத் தூக்கிவந்து பசுவின் பக்கத்தில் விட்டார். பசு மோந்து பார்த்தது. வேற்று வாசனை. காலை உதறியது. கன்று மண்ணில் சரிந்தது.

"ஐயோ!"

வடை எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் மாசிலாமணி ஓடினார். வெல்லமும் உப்பும் கரைத்துக் கொண்டுவந்தார். கன்றின் முதுகெல்லாம் தடவி, அதைத் தாங்கிப் பிடித்துப் பசுவின் முகத்தருகே நிறுத்தினார்.

"நக்கு தாயி. உன் பிள்ளைதான். கொஞ்சம் நக்கிப் பாரு தாயி."

பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கியது. இன்னொரு தரம் நக்கியது. அப்புறம் நிறுத்தவே இல்லை. கழுத்து, காது, நெற்றி என்று நக்கி நக்கி வெல்லமெல்லாம் தீர்ந்த பிறகும் விடவில்லை.

கன்று தட்டுத்தடுமாறி மடியைத் தேடியது. முட்டியது. வால் துள்ளத் தொடங்கியது.

பூங்காவனம் கையெடுத்துக் கும்பிட்டாள். பசுவையா, குருவையா, மாசிலாமணியையா என்று சொல்ல முடியாது.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுவாமி, இவளுக்கு எந்த நதியோட பேரை வைக்கட்டும்?"

"கன்று குடித்து முடிக்கட்டும்" என்றார் குரு. "அது இவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்."