தோற்கத் தெரியாத வாதசிங்கம்

மணவூர் ராஜ்யத்தில் வக்கீல் ஆவது லேசான காரியமா? சட்டம் படித்தால் போதாது. ஒரு மூத்த வக்கீலுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் சுவடிக்கட்டு தூக்க வேண்டும். அவர் இருமினால் தண்ணீர் நீட்ட வேண்டும். கடைசியில் ராஜா முன்னிலையில் அவரோடேயே வாதாடி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் தலைப்பாகை. தோற்றால் மறுபடியும் கட்டு. சம்பளமில்லாத ஆளை எந்த மூத்தவர் ஜெயிக்க விடுவார்? அவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

வாதசிங்கம் அகோரமூர்த்திக்குக் கட்டு தூக்கிய மாசிலாமணி இரண்டு முறை அவரிடம் தோற்றுவிட்டான். மூன்றாவதும் தோற்றால் நீதிமன்றப் படியையே மிதிக்கக் கூடாது. அழாத குறையாக அரசவை விகடகவி குழைக்காதரிடம் வந்து நின்றான்.

"எதைப் பேசினாலும் மடக்கிடறாருங்க. அவருக்குத் தோக்கவே தெரியாது."

குழைக்காதருக்கு முகம் மலர்ந்தது. "அதுதானப்பா நமக்கு வேணும்! எதைப் பற்றி வாதம்னு நீதானே சொல்லணும்? அவர் எதிர்ப்பக்கம்தானே பேசணும்?" என்று காதோடு ஏதோ சொன்னார்.

மறுநாள் சபை கூடியது. வாதசிங்கம் அகோரமூர்த்தி சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

மாசிலாமணி கும்பிட்டான். "மகாராஜா, நான் வக்கீலாக லாயக்கில்லாதவன். இதுதான் என் வாதம். ஐயா மறுக்கட்டும்."

"பின்னே? லாயக்கே இல்லை!" என்று சொல்ல வாயெடுத்த சிங்கம் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"ஒப்புக்கொள்கிறீரா?" என்று பரிவோடு கேட்டார் குழைக்காதர். "பாவம், உமக்கு முதல் தோல்வி. ஊரெல்லாம் தமுக்கடிக்கச் சொல்லட்டுமா?"

தோல்வியா! அகோரமூர்த்திக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் அவரை யார் நிறுத்துவது?

"இவனா லாயக்கில்லாதவன்? சட்டம் இவனுக்குத் தலைகீழ்ப் பாடம்! உப்பள வழக்கில் நான் பேசியதை எழுதிக்கொடுத்தது யார்? இவன்! கோயில் நில வழக்கில்? இவன்! இத்தனை வருஷமும் என் வாதம் ஒவ்வொன்றும் இவன் எழுதியது!"

சொன்னது என்னவென்று அவர் காதுக்கு எட்டுவதற்குள் சபை எட்டிப் பிடித்துவிட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜெயித்துவிட்டீர், வாதசிங்கமே! இவன் லாயக்குள்ளவன்தான். தலைப்பாகையை உம் கையாலேயே கட்டிவிடும்." குழைக்காதருக்கு முத்துமாலை கிடைத்தது.

கட்டி முடித்த அகோரமூர்த்தி மெல்ல இழுத்தார். "மகாராஜா... நாளைக்கு எனக்கொரு வழக்கு இருக்கிறது. இவன் இல்லாமல் நான் எப்படி..."

மாசிலாமணி லேசாக இருமினான்.

"ஓய்," என்றார் குழைக்காதர், "வக்கீல் ஐயா இருமுகிறார், காதில் விழவில்லையா? போய்த் தண்ணீர் நீட்டும். தொழில் கற்றுக்கொள்ள எல்லாரும் அங்கேதானே ஆரம்பிக்கணும்!"