அரிசி சுமந்து வந்த யானைகள்

"சுற்றியுள்ள ஐந்து நாடுகளும் நம்மை வெறுக்கின்றன, தாயே. ஏனென்றுதான் புரியவில்லை" என்றார் வேள்நம்பி.

அவர் மருதநாட்டின் அமைச்சர். அறுபது வயது. அந்தப் பெருநிலத்தில் மருதநாட்டை மிஞ்சிய நாடு இல்லை.

அவருடைய குரு நங்கை அடிகளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்து மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பஞ்சம் வந்தபோது அரிசி அனுப்பினோம். கலகம் வந்தபோது படை அனுப்பினோம். இப்போது கூடலிநாடு தன் துறைமுகத்தைக் கடல்கடந்த அரசன் ஒருவனுக்குக் கொடுக்கப்போகிறது. மற்ற நான்கும் அதற்குத் துணை. படையெடுக்கலாமா என்று அரசர் கேட்கிறார். பௌர்ணமிக்குள் பதில் வேண்டுமாம்."

"கூடலிக்குப் போயிருக்கிறீர்களா?"

"பதினொரு முறை."

"நடந்து?"

வேள்நம்பி வாசலில் நின்ற தம் யானையைத் திரும்பிப் பார்த்தார்.

"நடந்து போய் வாருங்கள். பட்டும் மோதிரமும் இங்கேயே இருக்கட்டும்."

ஐந்தாம் நாள் கூடலியின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றை அடைந்தார். காலெல்லாம் கொப்புளம். செங்காள் என்றொரு பெண் வீட்டு வாசலில் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்து முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது.

மருதநாட்டு யானைகள். முதுகில் அரிசி மூட்டைகள். இந்த ஆண்டும் அங்கே மழையில்லை என்று அவரே முத்திரையிட்டு அனுப்பியவை.

செங்காள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். மகளைப் பரணில் ஏற்றிவிட்டாள். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தும் சத்தம்.

"ஏம்மா பயப்படுறே? அரிசிதானே கொண்டு வர்றாங்க?"

"போன தடவையும் அரிசிதான்யா கொண்டு வந்தாங்க. இறக்கி வச்சிட்டுத் திரும்பிப் போக நாலு வருஷம் ஆச்சு."

அவர் கதவிடுக்கில் பார்த்தார். கால்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு கால் செங்காளின் வேலியை மிதித்துக்கொண்டு போயிற்று. பாகன் யானையை நிறுத்தவில்லை.

வேள்நம்பி தம்மை அறியாமல் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே அரசருக்கு ஓலை போயிற்று: 'படை வேண்டாம். துறைமுகம் அவர்களுடையது. இனி அரிசியை மாட்டுவண்டியில் அனுப்புவோம்.'

அதன் பிறகுதான் மடத்துக்குத் திரும்பினார்.

"என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார் அடிகள்.

"நம் யானைகளை."

"இதற்கு முன் பார்த்ததில்லையா?"

"இல்லை, தாயே. மேலேயே உட்கார்ந்திருந்தேன்."