கேட்காத காது

புல்லும் பயிரும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், களை எடுக்கிற வேலையே யாருக்கும் கிடையாது. "வரப்புக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்வைக்கு நெல் போலவே இருக்கிற குதிரைவாலிப் புல் வேரைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடும்.

காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். கைப்பிள்ளைக்காரி. அவளுக்கும் அவள் புருசன் சன்னாசிக்கும் ஒரே ஒரு வயல். அதில் விளைகிற நெல்தான் வருசம் முழுக்கக் கஞ்சி.

அந்த வருசம் முதல் மழை விழுந்து ஊரே விதைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் தம்பிக்குக் கல்யாணம். "போயிட்டு வந்து விதைச்சுக்கலாம், வயல் எங்கயும் ஓடிடாது" என்றான் சன்னாசி. உழுத வயலை ஈரத்தோடு அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வரப்பில் நின்ற புல் கூப்பிட்டது.

"அக்கா, இடம் சும்மாதான கிடக்கு? நெல்லு வர்ற வரைக்கும் நான் இருந்துக்கட்டுமா?"

இடுப்பில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. வண்டி வேறு காத்து நின்றது. "இருந்துக்க" என்றாள் காத்தாயி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கல்யாண வீட்டில் நாள் ஓடிவிட்டது. திரும்பும்போது சன்னாசி புது விதை ஒன்று கொண்டுவந்தான். குட்டை நெல்.

"நம்ம நெட்டை நெல்லையே போடலாமே, நல்லா கவிஞ்சு வளருமே" என்றாள் காத்தாயி.

"அதுல வைக்கோலைத்தான் திங்கணும். இதைப் பாரு, கதிரு என்ன கனம்!"

காத்தாயி விதைக்கூடையை எடுத்துக்கொண்டாள். விதைக்கும்போது புல்லைக் கிளம்பச் சொன்னாள். "நாளைக்குப் போறேன்க்கா" என்றது புல். அந்த நாளை வரவே இல்லை. குட்டை நெல் முளைத்தபோது புல் இடுப்புயரம். அதன் நிழலில் பயிர் மஞ்சள் பூத்துப் போனது. "அம்மா, வெயிலே தெரியலையே" என்று அழுதது.

பக்கத்து வயல்காரி தையலு முதல் மழைக்கே நெட்டை நெல் விதைத்தவள். அவள் வயலில் புல் இடம் கேட்டு நுழைய வழியே இல்லை. "என்னடி காத்தாயி, கல்யாணச் சாப்பாடு இன்னும் செரிக்கலையா? வயலுக்குள்ள புல்லா, புல்லுக்குள்ள வயலா?" என்றாள்.

காத்தாயி விறுவிறுவென்று வயலில் இறங்கினாள்.

"போ வரப்புக்கு!"

"என்னக்கா சொல்ற? காதுல விழலையே" என்று புல் பக்கத்துப் புல்லைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதெல்லாம் நெல்லுக்கும் புல்லுக்கும், இலை தாளோடு சேருகிற இடத்தில், குட்டிக் காது உண்டு. வீட்டுக் குதிரில் நெல் அடி தட்டிவிட்டது காத்தாயிக்கு நினைவு வந்தது. பிள்ளைக்கு என்ன கொடுப்பாள்?

"கேக்காத காது உனக்கு எதுக்கு?" என்று கிள்ளி எறிந்தாள். ஒரு புல்லையும் விடவில்லை.

"இப்பப் போ" என்றாள். புல் நின்றது. "போன்னு சொல்றேன்ல!" புல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. சிரிப்பு போய்விட்டிருந்தது. அதற்கு நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. இனி யார் சொல்லியும் அது போகாது. பார்த்துக்கொண்டிருந்த நெல் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை.

பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அந்த வருசம் பாதிக் கதிர் பதராகப் போனது. அரை வயிற்றோடு காலம் தள்ளி, மறு வருசம் முதல் மழைக்கே நெட்டை நெல்லை விதைத்தாள். அப்போதும் புல் வந்தது, காதில்லாமலே. ஆனால் நிழலில் சோனியாக நின்றது.

அன்றிலிருந்துதான் களை எடுக்கிற பெண்கள் புல்லிடம் ஒன்றும் சொல்வதில்லை. குனிந்து, இலையை விரலால் விலக்கி, காது இருந்தால் நெல் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பிடுங்குகிறார்கள்.