முயலைக் கேட்காமல் தோண்டிய வளை

மழை பெய்தால் பாதி குளமாகிவிடும் ஒரு காட்டில், பேச்சி என்றொரு மைனா இருந்தது. ஊருக்கு நல்லது செய்து, அதிலேயே தன் வயிற்றையும் நிரப்பிக்கொள்ள ஆசைப்படும் இளசுகளுக்கு அது வழி சொல்லிக் கொடுக்கும். யோசனைக்கு அதனிடம் பஞ்சமே இல்லை. எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் பத்து யோசனை சொல்லிவிடும்.

ஒருநாள் தொந்தியப்பன் என்ற பெருச்சாளி அதைத் தேடி வந்தது.

"அக்கா, மழை வந்தால் பள்ளத்துப் புல்வெளியில் முயல்குட்டிகள் வெள்ளத்தோடு போய்விடுகின்றன. மனசு கேட்கவில்லை. எனக்குத் தோண்டத் தெரியும். ஏதாவது செய்யலாமா?"

"செய்யலாமாவா? மேட்டிலே வளை தோண்டு. முயல்கள் குடிவரட்டும், உனக்குச் சாப்பாடு போடட்டும்," என்றது பேச்சி.

இடத்தை அதுவே காட்டியது. வாசல் எவ்வளவு அகலம் என்பதையும் அதுவே சொன்னது. உள்ளே சருகு விரிக்கச் சொன்னதும் அதுதான். தன் மாணவனின் புகழ் காடெங்கும் பரவப் போகிறது என்று அதற்குத் தலைகால் புரியவில்லை.

தொந்தியப்பன் சோறு தண்ணீர் பார்க்காமல் தோண்டியது. வளைகள் தயாராயின. ஒரு முயல்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெருச்சாளிக்குத் தொந்தி வற்றியதுதான் மிச்சம். வானமோ இருட்டிக்கொண்டு வந்தது.

பேச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றி கெட்ட முயல்கள். ஏன் வரவில்லையாம்?"

"தெரியவில்லை, அக்கா."

"தோண்டும் முன்னால் யாரையாவது கேட்டாயா?"

"கேட்டேனே. உங்களைத்தான்."

"நான் என்ன முயலா?" என்று வெடுக்கென்று கேட்ட பேச்சி, கேட்ட வாயை மூடிக்கொண்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வா, இப்போதாவது போய்க் கேட்போம். நீயே பேசு," என்றது.

புல்வெளியில் தாய்முயல் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. தொந்தியப்பன் கேட்டதும் அது சொன்னது: "வளைக்குள் எங்களுக்கு மூச்சு முட்டும், தம்பி. நாலு பக்கமும் கண் தெரிய வேண்டும், ஆபத்து என்றால் ஓட வேண்டும். இந்தப் புல்லில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும்."

பேச்சியின் நாக்கு துறுதுறுத்தது. படாத பாடுபட்டு அடக்கிக்கொண்டது.

தொந்தியப்பன் மீசையை நீவியபடி யோசித்தது. "ஓடைவரை வாய்க்கால் வெட்டினால்?"

"வெட்டினால் உனக்குக் கோடிப் புண்ணியம். வழியெல்லாம் கோரைதான். மேலே இருக்கும் புல்லை நாங்கள் தின்கிறோம், கீழே இருக்கும் கிழங்கை நீ எடுத்துக்கொள்."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? பெருச்சாளி வெட்டிக்கொண்டே தின்றது, தின்றுகொண்டே வெட்டியது.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே ஓடைக்குப் போனது. குட்டிகள் ஒன்றுவிடாமல் பிழைத்தன.

தாய்முயல் தொந்தியப்பனிடம் சொன்னது: "உனக்கு நல்ல குரு வாய்த்திருக்கிறார், தம்பி. அன்றைக்குப் பார்த்தேனே, நீ பேசி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை."

பேசாமல் இருந்ததற்காகப் பேச்சி பாராட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீதி: யாருக்கு உதவப் போகிறாயோ, அவரைக் கேட்ட பிறகு உதவு.