அறுபத்து மூன்று இலைகள்

அன்று காலை மடத்தின் சாமான் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். குரு உலகம்மை. அவருடைய சீடர் நல்லசிவன். சாமான் வாங்குகிறவர்களில் ஆவுடைத்தாயும் பிச்சுமணியும். பிறகு, எண்ணி வைப்பவனான நான். வாங்குகிறவர்களில் மூன்றாமவர் கோமதிநாயகம் சந்தைக்குப் போயிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை.

நல்லசிவன் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளராக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். வந்ததும் சாமான் வாங்குகிறவர்களுக்கு மார்க் போட ஆரம்பித்தார். கடைக்காரர் முதலில் சொல்லும் விலையிலிருந்து எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவு மார்க். வருடக் கடைசியில் மார்க் குறைந்தவர் மடத்தை விட்டுப் போக வேண்டும்.

அன்று வருடக் கடைசி. அவர் நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"பிச்சுமணி தொண்ணூற்றிரண்டு. கோமதிநாயகம் எண்பத்தெட்டு. ஆவுடைத்தாய் பூஜ்யம்."

ஆவுடைத்தாயின் பை வாசலில் தயாராக இருந்தது. பேருந்து மூன்று மணிக்கு. அவள் மகள் மடத்துப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். தாய் போனால் அவளும் போக வேண்டும்.

"ஏன்க்கா, அந்த இலைக்காரர்கிட்ட ஒரு தடவையாவது பேரம் பேசக் கூடாதா?" என்று சிரித்தான் பிச்சுமணி.

"அவரு முதல்லயே கடைசி விலையத்தான் சொல்லுதாரு. அதுக்குக் கீழ தந்தா அவருக்கு நட்டந்தான், வாழைக்கட்டையத்தான் வெட்டி விக்கணும்."

"சும்மா கேட்டுப் பாக்கலாம்லா?"

"உன் பருப்புக் கடைக்காரரு மாதிரியா? நீ வாறது தெரிஞ்சாலே ஏத்திச் சொல்லுவாரு. அப்புறம் உனக்காக இறக்குவாரு. ஏத்தினதுக்குத்தான் உனக்குத் தொண்ணூத்திரண்டு."

பிச்சுமணி சிரிப்பை நிறுத்திவிட்டான்.

நல்லசிவன் குருவைப் பார்த்தார். "அம்மா, அளக்காமல் ஆளை எப்படி அறிவது? வேறு எதை அளக்கட்டும், சொல்லுங்கள்."

குரு கேட்டார்: "தினமும் பந்திக்கு எத்தனை வாழை இலைன்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"இன்னிக்கு உங்களுக்கும் மார்க். நீங்க கேக்கிற இலையில பந்தி முடிஞ்சு எத்தனை மிஞ்சுதோ அத்தனை மார்க். இருபதுக்குக் கீழ போனா நீங்களும் மூணு மணி பஸ்ல ஏறணும்."

நல்லசிவன் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

"விளையாட்டா, அம்மா?"

"ஆவுடைக்கு விளையாட்டா?"

நல்லசிவன் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். நேற்று வரை யோசிக்காமல் நூற்றிருபது என்று சொல்லிவிடுகிறவர்.

"நூற்றெண்பது" என்றார்.

"நூத்தியெண்பதா? இன்னிக்கு யாரு வாறா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"வந்தால்?"

அவள் பையை வாசலிலேயே விட்டுவிட்டு இலைக்காரரின் வாழைத் தோப்புக்குப் போனாள். நூற்றெண்பது இலையோடு பத்தரைக்குத் திரும்பினாள். நான் இரண்டு முறை எண்ணினேன். ஒன்றுகூடக் கிழிந்திருக்கவில்லை.

பந்தி தொடங்கியது. நல்லசிவன் வழக்கமாகப் பரிமாறுவார். அன்று வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை எண்ணினார். நடந்து களைத்த குடும்பம் ஒன்று வந்தது, ஆறு பேர். அவர் முகம் சுருங்கியது. இத்தனை நாளில் சாப்பிட வந்தவர்களைப் பார்த்து அவர் முகம் சுருங்கி நான் கண்டதில்லை.

நூற்றுப் பதினேழு பேர் சாப்பிட்டார்கள். மணி இரண்டு.

"எண்ணியாச்சா?" என்று குரு என்னைக் கேட்டார்.

"மிச்சம் அறுபத்து மூன்று, அம்மா."

நல்லசிவன் பெருமூச்சு விட்டார். குரு நோட்டை வாங்கி, ஆவுடைத்தாய் பெயருக்குக் கீழே நல்லசிவன் பெயரைப் போட்டு அறுபத்து மூன்று என்று எழுதினார்.

"நேத்து எத்தனை மிஞ்சிச்சு?"

"மூன்று" என்றேன்.

குரு நல்லசிவனிடம் திரும்பினார். "அப்போ நேத்து நீங்க மூணு மார்க் ஆளா?"

நல்லசிவன் அடுக்கி வைத்திருந்த இலைகளைப் பார்த்தார். வாசலில் இருந்த பையைப் பார்த்தார். மணி இரண்டே கால்.

"அம்மா, அப்படியானால் நான் எதைத்தான் அளப்பது?"

"நேத்து நூத்தியிருபதுன்னு சொன்னப்போ யாரை நினைச்சுச் சொன்னீங்க?"

"சாப்பிட வருகிறவர்களை."

"இன்னிக்கு?"

அவர் நோட்டிலிருந்து மார்க் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். பிறகு வாசலுக்குப் போய் ஆவுடைத்தாயின் பையைத் தானே தூக்கி வந்து அறைக்குள் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

குரு என்னிடம், "மிஞ்சினதை மாட்டுக்குப் போட வேண்டாம். ஈரச் சாக்குல சுத்தி வைங்க, நாளைக்கு ஆகும்" என்றார்.

பிறகு நல்லசிவனிடம் கேட்டார்: "நாளைக்கு எத்தனை இலை வெட்டணும்?"

"ஐம்பத்தேழு" என்றார் நல்லசிவன். அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆவுடைத்தாய்க்குக் கேட்டது.

மறுநாள் நூற்றுப் பதினெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். நல்லசிவன் பரிமாறினார். நான் எண்ணினேன்.

மிச்சம் இரண்டு.